ஒத்தடம் கொடுக்கவும் சர்டிபிகேட் வேண்டுமா?

முழங்கால் வலித்தால் வெந்நீர்ப் பை. கழுத்து பிடித்துக்கொண்டால் தவிட்டு ஒத்தடம். கால் சுளுக்கினால் துணியில் சுற்றிய ஐஸ் கட்டி. நம் வீடுகளில் இதற்கெல்லாம் யாரும் பட்டம் வாங்குவதில்லை. பாட்டி சொன்னார், அம்மா செய்கிறார், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் கதை வேறு. அங்கே லைசென்ஸ் வாங்கிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கூட, தனி அனுமதி இல்லாமல் நோயாளியின் கையை மெழுகுத் தொட்டியில் முக்க முடியாது.

தமிழ்நாட்டில் நான்கரை வருடம் ஆக்குபேஷனல் தெரபி படித்து, ஆறு வருடம் வேலையும் பார்த்துவிட்டு, திருமணமாகி கலிஃபோர்னியாவுக்குப் போன ஒரு பெண்ணுக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. மேற்படிப்பு, தேசிய அளவிலான தேர்வு, மாநில லைசென்ஸ் என எல்லாம் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மூலையில் மெழுகுத் தொட்டி இருக்கிறது. ஊரில் தினமும் பத்துப் பேருக்குப் போட்ட அதே மெழுகு. ஆனால், "நீங்கள் இன்னும் அதைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு அம்மாவிடம் போனில் பொரிந்து தள்ளினார். "ஒத்தடம் கொடுக்கிறதுக்கு லைசென்ஸ் கேட்கிறாங்கம்மா!" அம்மா சிரித்தார். "உங்க பாட்டி அங்கே இருந்திருந்தா ஜெயில்லதான் இருந்திருப்பாங்க!"

30 மணி நேரம், 240 மணி நேரம்

ஆக்குபேஷனல் தெரபி என்றதும் வேலைவாய்ப்பு சம்பந்தப்பட்டது என்று நினைத்துவிடுகிறோம். இங்கே 'ஆக்குபேஷன்' என்பது ஒரு மனிதர் தன் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களையும் குறிக்கும். பல் துலக்குவது, சட்டை பட்டன் போடுவது, சோறு பிசைவது, சாவியைத் திருப்புவது, பேத்திக்குச் சடை பின்னுவது எல்லாமே ஆக்குபேஷன்தான். பக்கவாதம், எலும்பு முறிவு, தீக்காயம் போன்றவற்றால் இவை நின்றுபோனால், மறுபடி செய்ய வைப்பதுதான் இந்தத் தெரபிஸ்ட்டின் வேலை.

அந்த வேலைக்குத் துணையாகச் சில கருவிகள் உண்டு. சூடான ஜெல் பை, உருக்கிய மெழுகு, ஐஸ், அல்ட்ராசவுண்ட், தசையைத் தூண்டும் மெல்லிய மின்சாரம். இவற்றுக்கெல்லாம் சேர்த்து 'பிசிக்கல் ஏஜென்ட் மொடாலிட்டிஸ்' என்று பெயர்.

கலிஃபோர்னியா விதி இதுதான். இவற்றைப் பயன்படுத்த விரும்பும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 30 மணி நேரம் தனிப் பாடம் படிக்க வேண்டும். அதோடு, தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் 240 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும். வாரம் 40 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் முழுதாக ஆறு வாரம். அதற்கான சான்றுகளைக் காட்டி மாநில ஆக்குபேஷனல் தெரபி வாரியத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

எதைப் படிக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது. சூடோ மின்சாரமோ பட்டால் தசை, நரம்பு, ரத்தக்குழாய்களில் என்ன நடக்கிறது? அதன் பின்னால் இருக்கும் இயற்பியல், வேதியியல் என்ன? நோயாளியை எப்படித் தயார்ப்படுத்துவது, அவருக்கு என்னென்ன விளக்கிச் சொல்வது? எங்கே ஆபத்து? பலன் கிடைத்ததா என்று எப்படிப் பதிவுசெய்வது? இயந்திரம் கோளாறானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கை சுடாத மெழுகு

எரிச்சலோடுதான் வகுப்பில் உட்கார்ந்தார். முதலில் வந்ததே அவருக்கு மிகவும் பழக்கமான மெழுகுதான்.

சிகிச்சைக்கான மெழுகை ஏறக்குறைய 52 முதல் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைப்பார்கள். அதே சூட்டில் வெந்நீர் இருந்தால் கையை வைத்திருக்க முடியாது, வெந்துபோகும். மெழுகில் மட்டும் எப்படி முக்கி எடுக்க முடிகிறது? மெழுகு தன்னிடம் உள்ள வெப்பத்தைத் தண்ணீரைவிட மெதுவாகத்தான் தோலுக்குக் கடத்தும். முதல் முறை முக்கியதுமே தோலின் மேல் ஒரு படலம் உறைந்துவிடும். அடுத்தடுத்த முக்கல்களில் தோலுக்கும் சூட்டுக்கும் நடுவே அந்தப் படலம் நிற்கும். கையை ஈரம் போகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். மெழுகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டிக்கொண்டால், அந்த இடம் சுட்டுவிடும்.

ஆறு வருடம் எல்லோருடைய கையையும் துடைத்துவிட்டவர் அவர். செய்முறை தெரியும். காரணத்தை இவ்வளவு நிதானமாக உட்கார்ந்து யோசித்தது அப்போதுதான்.

சூடான ஜெல் பைகள் கிடக்கும் தொட்டியின் தண்ணீர் ஏறக்குறைய 71 முதல் 74 டிகிரி வரை இருக்கும். பைக்கும் தோலுக்கும் நடுவே ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு வேண்டும். அல்ட்ராசவுண்டில் 1 மெகாஹெர்ட்ஸ் அலை ஆழமான திசு வரை போகும். 3 மெகாஹெர்ட்ஸ் தோலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். விரல் மூட்டுக்கு எது, தோளுக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். கருவியின் தலையை ஒரே இடத்தில் பிடித்து வைக்கக் கூடாது, நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கூடவே, 'செய்யக் கூடாது' என்றொரு நீண்ட பட்டியல். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மின்தூண்டல் கூடாது. கர்ப்பிணியின் வயிற்றுப் பகுதியிலும் புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும் அல்ட்ராசவுண்ட் கூடாது. குளிர்ந்தால் விரல்கள் வெளுத்து ரத்த ஓட்டம் சுருங்கிவிடும் நோயாளிக்கு ஐஸ் கூடாது. ரத்தக்கட்டு இருக்கும் காலுக்குச் சூடு கூடாது.

அவருடைய நோட்டில் 'எப்படிச் செய்வது' மூன்று பக்கம் வந்தது. 'எப்போது செய்யக் கூடாது' ஏழு பக்கம் வந்தது.

மெழுகுக்கு அப்புறம் என்ன?

இன்னொன்றையும் வகுப்பில் அழுத்திச் சொன்னார்கள். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கத்தின் நிலைப்பாடும் அதுவே. சூடும் மின்சாரமும் மட்டுமே ஆக்குபேஷனல் தெரபி ஆகிவிடாது. அவை, நோயாளி செய்யப்போகும் செயலுக்குக் கை கொடுக்கும் முன்னேற்பாடு மட்டுமே.

மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் விறைத்துப்போன ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். மெழுகுச் சூட்டில் திசுக்கள் இளகும், வலி குறையும். ஆனால் அந்த இளக்கம் சில நிமிடங்கள்தான் இருக்கும். அது ஆறுவதற்குள் விரல்களை நீட்டி மடக்கி, உடனே மாவு பிசைய வைக்க வேண்டும். டப்பா மூடியைத் திறக்க வைக்க வேண்டும். மெழுகை உரித்ததும் "சரி, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டால், பாட்டிக்குக் கை இதமாக இருக்கும். ஆனால் மூடி திறக்காது.

ஊரில் வேலை பார்த்த நாள்கள் அவர் நினைவுக்கு வந்தன. வெளியே நீண்ட வரிசை. ஒருவர் மெழுகில் இருக்கும்போதே அடுத்தவரைக் கூப்பிட வேண்டிய நிலை. அங்கே யாருக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. இல்லாதது நேரம்தான்.

"எனக்குச் சூடே உறைக்காது"

240 மணி நேரப் பயிற்சியின் நடுவில் ஒரு நாள். அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். நீண்ட நாள் சர்க்கரை நோயாளி, இரண்டு கை விரல்களும் மடங்க மறுக்கின்றன. மெழுகு வைக்கலாம் என்று குறிப்பில் இருந்தது. அவருக்கும் அதில் விருப்பம். "எவ்வளவு சூடாக வேண்டுமானாலும் வையுங்கள். எனக்குச் சூடே உறைக்காது" என்றார் பெருமையாக.

தெரபிஸ்ட் அந்த வார்த்தையில் நின்றுவிட்டார். இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், மற்றொன்றில் குளிர்ந்த தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியில் மாற்றி மாற்றி வைத்து "இது எது?" என்று கேட்டார். ஐந்துக்கு மூன்று முறை தவறாகச் சொன்னார் அந்த மனிதர்.

சூடு உறைக்காதவருக்குத்தான் சூடு ஆபத்து. நமக்குக் கை சுட்டால் சட்டென இழுத்துக்கொள்வோம். நரம்பு உணர்விழந்த கை இழுத்துக்கொள்ளாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கொப்புளம் ஆற எத்தனை நாளாகும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

அன்று மெழுகு இல்லை என்றதும் நோயாளிக்குக் கோபம். மெழுகுக்காகத்தானே வந்தேன் என்றார். தெரபிஸ்ட் விளக்கிச் சொல்லி, சூடில்லாமல் விரல்களை மெதுவாக நீட்டி மடக்கிவிட்டு, அவருடைய மாத்திரை டப்பாவையே எடுத்துத் திறந்து மூடப் பழக்கினார். மேற்பார்வையாளர் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. மெழுகைத் தொடாத அந்த ஒரு மணி நேரத்தையும் 240-இல் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வேலூர் சொன்ன பாடம்

உணர்விழந்த கையைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர்களில் ஒன்று வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று நம்பிய காலம் அது. பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார்கள். வலி தெரியாததால் அடுப்பிலும் கருவிகளிலும் திரும்பத் திரும்பக் காயப்பட்டே விரல்கள் போகின்றன என்று காட்டினார்கள். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியதோடு, அந்தக் கைகளுக்கு வேலையும் பழக்கினார்கள். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்திலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வலி என்பது உடலுக்குக் கிடைத்த கொடை என்பதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் குதிகால்

அன்று வீட்டுக்கு வந்ததும் தெரபிஸ்ட் ஊருக்கு வீடியோ கால் போட்டார். அவருடைய அப்பாவுக்கும் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. தினமும் ராத்திரி காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டுதான் படுப்பார்.

"அம்மா, அப்பா பாதத்தைக் கொஞ்சம் காட்டு."

"என்னடி திடீர்னு?"

"காட்டேன்மா."

போனைக் காலடியில் கொண்டுபோனார் அம்மா. இடது குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு, பக்கத்தில் பாதி காய்ந்த ஒரு கொப்புளம். "இது எப்ப வந்ததுப்பா?" என்று மகள் கேட்டார். அப்பா குனிந்து பார்த்தார். "தெரியலையேம்மா, வலிக்கவே இல்லையே" என்றார்.

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, விரல் எதையும் இழக்கவில்லை. வெந்நீர்ப் பை பரணுக்குப் போய்விட்டது.

இத்தனை கெடுபிடி தேவையா?

தேவையில்லை என்பவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில மாநிலங்களில் தனிப் பயிற்சிக்கான சான்று கேட்கிறார்கள், சிலவற்றில் தனி அனுமதியே கிடையாது. அப்படியானால் ஒரே கை, எல்லையைத் தாண்டினால் வேறு கையாகிவிடுமா என்று கேட்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபி கல்லூரிகளுக்காக 2018-இல் வந்த தரநிலைகளே இந்தக் கருவிகளைப் பாடத்தில் சேர்த்துவிட்டன, பிறகு எதற்கு இன்னொரு முறை என்ற கேள்வியும் இருக்கிறது. இந்தக் கருவிகள் யாருடைய எல்லைக்குள் வரும் என்று பிசியோதெரபிஸ்ட்களுக்கும் இவர்களுக்கும் நீண்ட நாள் உரசலும் உண்டு.

அந்தத் தெரபிஸ்ட்டுக்கும் 240 என்ற எண் சரியா என்பதில் இன்றுவரை சந்தேகம்தான். அனுபவம் உள்ளவருக்கு அது அதிகம், சிலருக்கு அதுவே போதாது என்பார். ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இயந்திரத்தை ஆன் செய்வதை ஒரு மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். நோயாளி ஆசையாகக் கேட்கும்போது "இன்று வேண்டாம்" என்று சொல்லத்தான் நாளாகும்.

வீட்டில் ஒத்தடம் கொடுப்பவர்களுக்கு அவர் சொல்வது இவ்வளவுதான். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர், பக்கவாதம் வந்தவர், கை கால் மரத்துப்போவதாகச் சொல்பவர் ஆகியோருக்கு டாக்டரைக் கேட்காமல் சூடு வைக்காதீர்கள். சூட்டை அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள், உணர்வு நன்றாக இருக்கும் இன்னொருவர் தொட்டுப் பாருங்கள். வெந்நீர்ப் பையோடு தூங்கவிடாதீர்கள். தினமும் ஒரு முறை பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இப்போது அவரே மேற்பார்வையாளர். புதிதாக வருபவர்களின் 240 மணி நேரத்துக்கு அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். முதல் நாளே அவர்களிடம் சோதனைக் குழாய்கள் இரண்டைக் கொடுத்துவிடுகிறார். மெழுகுத் தொட்டியின் மூடியைத் திறப்பது அடுத்த வாரம்தான்.