பினாங்கு: தோளில் வந்த சோறு

முதல் தடவையாக மலேசியா செல்பவர்கள் கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டுப் பினாங்குத் தீவுக்கு வருகிறார்கள். பகலில் பத்து ஃபெரிங்கி கடற்கரை. மாலையில் ஜார்ஜ் டவுன் வீதிகள். தமிழ் பேசியே பேரம் முடிக்கலாம் லிட்டில் இந்தியாவில்.

பசித்தால் நாசி கண்டார். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது காவடித் தண்டு. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தமிழ் முஸ்லிம்கள் தோளில் சுமந்துவந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு. இன்று நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட, வெயிலில் வரிசை நிற்கிறது.

2008ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 2000ன் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்ததுமே, தலைமுறைகளாக வசித்த பலர் வாடகை கட்டுப்படியாகாமல் வெளியேறிவிட்டனர். அந்தப் பழைய கடைவீடுகளில் சில இப்போது தங்கும் விடுதிகள். சுற்றுலாப் பயணி ஆசையாக அறை எடுப்பது, யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டில்.