வாய் பேசா நோயாளி

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம்மவர் வாக்கு. நயினாதீவிலே நாகபூசணி அம்மனைக் கைகூப்பித் தொழுது மீளும் நாமே, வீட்டு வேலியோரம் ஒரு சாரையைக் கண்டுவிட்டால் தடி தேடுகிறோம். தொழுவது, அடிப்பது என்னும் இவ்விரண்டையும் விட மூன்றாவதோர் உறவும் மனிதனுக்கும் பாம்புக்கும் இடையே உண்டு. அது நோயாளிக்கும், அந்நோயாளியைப் பராமரிப்பவனுக்கும் உள்ள உறவு. இலண்டனிலே எமது தமக்கையார் வீட்டிற் சென்ற ஆண்டு ஆறு கிழமைகள் தங்கியிருந்தபோது அவ்வுறவை நாம் அருகிருந்து கண்டோம்.

தமக்கையாரின் மகனுக்கு வயது பதினேழு. அவன் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது அத்தான் வாங்கிக் கொடுத்த பாம்பு அது. சோளப் பாம்பு என்று அங்குள்ளோர் கூறும் இனம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியே அதன் தாயகம். அதற்கு நஞ்சில்லை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். மூன்று முதல் ஐந்து அடி நீளம் வரை வளரும். நன்றாகப் பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். செம்மஞ்சள் உடலிற் கருங்கரை இட்ட செந்நிறத் திட்டுகளுடன், பட்டுச் சேலையின் கரையைப் போல அழகாயிருக்கும். மருமகன் அதற்கு வாசுகி என்று பெயரிட்டிருந்தான்.

இங்கிலாந்திலே இவ்வினத்தைப் பலர் வீடுகளில் வளர்க்கின்றனர். அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. ஆனால், 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்பவர் அதன் தேவைகளை நிறைவேற்றும் கடமைக்கு உட்பட்டவர். பதினாறு வயதுக்குக் குறைந்தோர்க்கு விலங்குகளை விற்கவும் கூடாது. இதனை வாசிக்கும் மாணவர் எவரேனும் வயலிற் கண்ட பாம்பைப் பெட்டியில் அடைத்து வளர்க்கலாம் என்று எண்ணிவிடலாகாது. நமது நாட்டிலே 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. அன்றியும், நஞ்சுள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறியாத கைகள் பாம்பிடம் நெருங்குதல் உயிருக்கே ஆபத்து.

சைவ உணவன்றி வேறறியாத வீட்டிலே எலி தின்னும் ஒரு சீவன் எவ்வாறு இடம்பெற்றது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அது எளிதில் நடந்ததன்று. பாம்புக்குரிய எலிகளைக் கடைகளில் இறந்த நிலையிற் பனிக்கட்டிபோல் உறையவைத்து விற்கிறார்கள். அவற்றை எங்கே வைப்பது என்பதே முதற் பிணக்கு. "முருங்கைக்காய்க்குப் பக்கத்திலே எலியோ?" என்று தமக்கையார் மூன்று நாள் பேசாதிருந்தாராம். முடிவில், வாகனக் கொட்டிலில் ஒரு சிறு குளிர்ப்பெட்டி தனியாக வைக்கப்பட்டது. எலியின் உறைபனி நீக்கும் பாத்திரமும் வேறு, கழுவும் இடமும் வேறு. ஏழு ஆண்டுகளாக அவ்வுடன்படிக்கையை இரு தரப்பாரும் மீறவில்லை. தமக்கையாரும் ஏழு ஆண்டுகளாக அப்பாம்பைத் தொட்டதில்லை.

நாம் போய்ச் சேர்ந்தபோது வாசுகி நோயுற்று மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. தின்ற இரையை மூன்றாம் நாள் கக்கியதே முதற் குறி. பாம்பு இரையைக் கக்குவது எப்போதும் பெருநோயின் அடையாளமன்று. இரை பெரிதாயிருப்பினும், பெட்டியிற் சூடு குறைந்திருப்பினும், தின்றவுடன் கையில் எடுத்தாலும் கக்கிவிடும். ஆதலால் மருமகன் முதலில் சூட்டைச் சரிபார்த்தான். பாம்புக்குத் தன் உடலுக்குள்ளே சூட்டை உண்டாக்கிக் காக்கும் வலிமை இல்லை. வெளியிலுள்ள வெப்பத்தைக் கொண்டே அதன் செரிமானமும் நோயெதிர்ப்பும் நடைபெறுகின்றன. எனவே, பெட்டியின் ஒரு பக்கம் ஏறக்குறைய 30 பாகை செல்சியசும் மறுபக்கம் அதனிலும் குளிர்ச்சியுமாக இருத்தல் வேண்டும். வேண்டிய பக்கத்துக்கு அது தானே நகர்ந்துகொள்ளும். சூடு சரியாகவே இருந்தது. இரண்டு கிழமைகள் இரைப்பைக்கு ஓய்வு கொடுத்துவிட்டுச் சிறியதோர் எலியைக் கொடுத்தான். அதனையும் கக்கிவிட்டது.

பின்பு மிருக வைத்தியரைத் தேடும் படலம் தொடங்கியது. நாய், பூனைகளுக்கு வைத்தியம் செய்வோர் தெருவுக்கு ஒருவர் இருக்க, பாம்புக்கு வைத்தியம் தெரிந்தவர் ஒன்றரை மணிநேரப் பயணத் தொலைவிலேதான் இருந்தார். ஒரு சீவனை வீட்டுக்குக் கொண்டுவருமுன் அதற்கு நோய் வந்தால் எங்கே போவது என்பதையும் அறிந்து வைத்தல் வேண்டும் என்று அத்தான் எம்மிடம் பன்முறை கூறினார்.

அவ்வைத்தியர் பாம்பின் நடுவுடலை விரலால் மெல்ல வருடி, ஓரிடத்தில் வீக்கம் இருப்பதைக் காட்டினார். இரைப்பையைக் கழுவி எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பினார். நாம் அங்கிருந்த முதற் கிழமையிலேயே பதில் வந்தது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணி இரைப்பையின் சுவரிலே குடிகொண்டிருந்தது. அதனாற் சுவர் தடிக்கிறது, உணவு தங்குவதில்லை, உடல் சிறிது சிறிதாகத் தேய்கிறது. சில மருந்துகள் நோயின் கடுமையைத் தணிக்கலாமேயன்றி, அதனை அடியோடு நீக்கும் என்று நம்பத்தக்க மருந்து எதுவும் இன்று இல்லை. வைத்தியர் இதனை மறைக்காமற் சொன்னார். மருமகன் அழவில்லை. "அப்படியென்றால் இனி நான் என்ன செய்யவேணும்?" என்று மட்டும் கேட்டான்.

செய்யவேண்டியவை பல இருந்தன. வழக்கமான கிருமிநாசினிகள் அவ்வொட்டுண்ணியின் முட்டை போன்ற வித்துகளைக் கொல்லுவதில்லை. அமோனியாக் கரைசலும் கடுஞ்சூடும் கொல்லும். ஆகவே பெட்டியை நாடோறும் அமோனியாவினாற் கழுவி, மணம் முற்றாய்ப் போகும்வரை கழுவிக் காயவைத்தான். அதுவரை பாம்பு மற்றொரு பெட்டியில் இருந்தது. இவ்வொட்டுண்ணி மனிதரைத் தாக்குவதாக அறியப்படவில்லை. எனினும் ஊர்வனவற்றின் உடலிற் சல்மொனெல்லா என்னும் வேறு கிருமி இருக்கலாமாதலால், ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கைகழுவினான். கிழமைக்கு இரு தடவை மின்தராசில் நிறுத்தான். நோய்க்கு முன் 620 கிராம் இருந்த உடல், நாம் போனபோது 450 கிராம். நான்கு கிழமைகளின் பின் 410 கிராம்.

நாய்க்கு நோவு வந்தால் முனகும். பசு உணவை வெறுத்துக் கண்ணீர் வடிக்கும். பாம்புக்கோ முகத்திற் பாவம் காட்டும் தசைகள் இல்லை; குரல் இல்லை; மூடித் திறக்க இமைகளும் இல்லை. கண்ணின்மேல் ஒளி ஊடுருவும் செதிலொன்றே உள்ளது. ஆதலால் உறங்குகிறதோ, சோர்ந்து கிடக்கிறதோ என்பதுகூடத் தெரியாது. கேட்டறியவும் முடியாத, முகம் பார்த்தறியவும் முடியாத நோயாளி. மருமகனோ அதன் மொழியைப் பயின்றிருந்தான். நாக்கை எத்தனை விரைவாய் நீட்டுகிறது, சூடான பக்கத்துக்குத் தானே போகிறதா, முதுகெலும்பு எவ்வளவு துருத்தி நிற்கிறது, தோல் எங்கே மடிகிறது, மல்லாத்தினால் உடனே புரண்டு கொள்கிறதா என்பவற்றை ஒரு கொப்பியிலே நாள்தோறும் குறித்தான். எமது வகுப்பறையிலே இருபது ஆண்டுகளாகச் சீவகாருண்யம் என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்லி வருகிறோம். அக்கொப்பியைப் புரட்டியபோது, நாம் சொன்ன பொருள்கள் எல்லாவற்றிலும் அது தெளிவாயிருந்தது.

இத்தனைக்கும் பாம்பு அவனிடம் நாயைப்போல வாலாட்டியதில்லை. அவனது மணத்துக்கும் கைச்சூட்டுக்கும் அது பழகியிருந்தது என்று சொல்லலாம். அன்பு காட்டியது என்று அவனே சொல்லவில்லை. "எனக்கு அது நன்றி சொல்லாது, மாமா. ஆனால் அதைப் பெட்டியிலே வைத்தது நாங்கள்தானே. அதாலே வெளியே போய்த் தனக்கு வேண்டியதைத் தேட ஏலாது" என்றான்.

மூன்றாவது கிழமையில் வைத்தியர் மற்றொரு வழியை எடுத்துக் கூறினார். துன்பம் மிகுந்தால் ஊசி மருந்தினால் அதன் உயிரை அமைதியாக முடித்துவிடலாம் என்றார். வீட்டிலே அன்றிரவு ஒருவரும் சரியாக உண்ணவில்லை. "வந்த வினையை அது அனுபவித்துத் தீர்க்கட்டும். கொன்ற பாவம் எங்களுக்கு வேண்டாம்" என்றார் தமக்கையார். அத்தான், "சாகும்வரை பட்டினி கிடக்கப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் புண்ணியமோ?" என்றார். மருமகன் எம்மைப் பார்த்தான். "நாங்கள் சைவம். நீங்கள் படித்தவர். சொல்லுங்கோ மாமா, உயிரைக் கொல்லலாமோ?"

கொல்லாமையைப் போற்றும் மரபிலே பிறந்து அதனையே படிப்பிக்கும் எமக்கு, "கொல்" என்று ஒரு சொற் சொல்ல நாவெழவில்லை. "கொல்லாதே" என்று சொல்லிவிட்டு நாம் விமானமேறிவிடலாம். நாள்தோறும் அத்துன்பத்தின் முன்னே இருக்கப்போகிறவன் அவன். ஆதலால் தீர்ப்புக் கூறாமல், ஒரு கேள்வியைக் கேட்டோம்: "தம்பி, அதன் துன்பம் தீரவேண்டும் என்கிறாயா, அதைப் பார்க்கும் உன் துன்பம் தீரவேண்டும் என்கிறாயா?" அவன் நெடுநேரம் யோசித்தான். "இரண்டும்தான். ஆனால் முதலாவதை மட்டும் கணக்கிலெடுக்கவேணும்" என்றான்.

அதன்பின் மூவருமாய் இருந்து, மனம் கலங்கும் நாள் வருமுன்னரே, அடையாளங்களை வகுத்துக்கொண்டார்கள். அது தானே நீர் குடிக்கும்வரை, தானே சூட்டைத் தேடும்வரை, மல்லாத்தினாற் புரளும்வரை, அதன் வாழ்வு அதற்கே உரியது. ஒருவரும் குறுக்கே நிற்பதில்லை. இம்மூன்றும் போய்விட்டால் வைத்தியரிடம் கொண்டுசெல்வது. தமக்கையார் சரியென்றும் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. எழுந்து சென்று சுவாமியறை விளக்கைத் தூண்டிவிட்டார்.

அந்த நாள் நாம் புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்னர் வந்தது. இரு நாட்களாக அது நீரைத் தொடவில்லை. குளிர்ந்த மூலையிலேயே கிடந்தது. மருமகன் மெல்லத் திருப்பிப் பார்த்தான். வெள்ளை வயிறு மேலே தெரிய அப்படியே கிடந்தது. அவன் அதனை நேராக்கிவிட்டுக் கொப்பியிற் குறித்தான்.

வைத்தியசாலைக்கு நால்வரும் போனோம். தமக்கையாரும் வருவார் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பாம்பை வைத்திருந்த துணிப்பையையும் வெந்நீர்ப் போத்தலையும் அவரே தம் மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றரை மணிநேரமும் அதன்மேல் ஒரு கை வைத்தபடியே இருந்தார்.

வைத்தியர் செய்யப்போவதை முன்னதாகவே விளக்கினார். ஊர்வனவற்றின் மூளை உயிர்வளி குறைந்தபோதும் நெடுநேரம் தாங்கும் இயல்புடையது. ஆகவே முதலில் மயக்க மருந்து கொடுத்து, உணர்வு முற்றாய் அற்றதை உறுதிப்படுத்திய பின்னரே இறுதி மருந்து செலுத்தப்படும் என்றார். இத்தகைய பாம்பைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் உறங்குவதுபோல் இறந்துவிடும் என்று சிலர் நம்புவது தவறு, அது வேதனையான சாவு என்றும் கூறினார். மருமகன் கடைசிவரை கையை எடுக்கவில்லை. நோய் பரவாதிருக்கும்பொருட்டு, உடலைத் தகனம் செய்யுமாறு வைத்தியசாலையாரிடமே ஒப்படைத்தான்.

அன்று மாலை தமக்கையார் எம்மிடம் தனியே, "பாவமோ தம்பி?" என்று கேட்டார். "பாவமென்றால் அதில் எங்கள் எல்லாருக்கும் பங்குண்டு, அக்கா. அவன் ஒருவனைச் சுமக்க விடவில்லை நாங்கள்" என்றோம். அதற்குமேல் எமக்கு விடை தெரியவில்லை, இன்றும் தெரியாது.

பிள்ளைகள் ஒரு சீவனை வளர்க்க ஆசைப்படும்போது, அதன் அழகையும் விளையாட்டையும் காட்டிக் கடைக்காரர் விற்கிறார். அதன் முதுமையையும் நோயையும் சாவையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பதைப் பெற்றோர்தாம் சொல்லவேண்டும். சொல்லி, அந்த நாள் வரும்போது பிள்ளையைத் தனியே விடாது கூட நிற்கவும் வேண்டும். அஞ்சியும் அருவருத்தும் ஏழு ஆண்டுகள் விலகி நின்ற ஒரு தாய், இறுதிப் பயணத்திலே அந்தப் பையைத் தம் மடியில் ஏந்தியதைக் கண்ட எமக்கு, இனி நமது வேலியோரத்துச் சாரையைக் காணும்போது கை தடியை நாடாது.