மதினியின் பத்தியம்

உலகத்திலேயே சேலையைப் போலப் பெருந்தன்மையான உடுப்பு வேறு ஒன்று கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஆண்பிள்ளைகளின் கால்சட்டை இருக்கிறதே, அது வெகு பொல்லாதது. இடுப்பு ஓர் அங்குலம் பெருத்தால் போதும். பொத்தானைப் போட விடாமல் மானத்தை வாங்கிவிடும். சேலைக்கு அந்தக் குணம் இல்லை. கொசுவத்தில் ஒரு மடிப்பைக் குறைத்துச் செருகிக் கொண்டால் விஷயம் முடிந்தது. பத்து வருஷத்தில் இடுப்பு ஆறு அங்குலம் கூடியிருந்தாலும் அது நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாது. ரவிக்கை மாத்திரம் கொஞ்சம் முணுமுணுக்கும். தையலைப் பிரித்து விட்டால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

அந்தப் பெருந்தன்மையால் வருகிற வினையைப் பற்றித்தான், சகோதரிகளே, உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

என் பிறந்த வீடு பெரியகுளத்தில், வராக நதிக்குத் தென்கரையில் இருக்கிறது. அண்ணன், மதினி, அம்மா, காலேஜில் படிக்கும் பையன் ஆகிய நால்வர் அங்கே வாசம். (மதுரைச் சீமைக்கு அப்பால் இருக்கிற வாசகிகளுக்கு: மதினி என்றால் அண்ணி.) வைகாசி மாசம், மாம்பழத்தை உத்தேசித்து நான் போயிருந்த சமயம், மதினி படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போய் வந்திருந்தாள். வயது 47. டாக்டர் எடுத்த கணக்கு இது: இடுப்புச் சுற்றளவு 37 அங்குலம், ரத்த அழுத்தம் 138-க்கு 88, வெறும் வயிற்றில் சர்க்கரை 112, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 236, நல்ல கொழுப்பு 38.

“ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் பயம்” என்றாராம் டாக்டர். இந்தச் சேர்க்கைக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறார்கள். அம்மா அந்தப் பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்டு, “இது எந்த ஊரு வியாதி?” என்றாள்.

நம் ஊர் வியாதிதான். 1988-இல் ஜெரால்ட் ரீவன் என்கிற அமெரிக்க டாக்டர் ஒரு பிரசங்கத்தில் இந்தக் கூட்டத்துக்கு ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். இன்சுலின் என்று நம் உடம்பில் ஒன்று ஊறுகிறதல்லவா? சர்க்கரையை ரத்தத்திலிருந்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அதனுடையது. உடம்பு அதன் சொல்லைக் கேட்காமல் போவதுதான் பல சமயங்களில் மூலகாரணம். 2009-இல் பல தேசத்து நிபுணர்கள் கூடி, ஐந்து குறிகளில் எவையேனும் மூன்று இருந்தால் இந்தக் கோளாறு என்று ஒப்புக்கொண்டார்கள். பெண்களுக்கான கணக்கைச் சொல்கிறேன். இடுப்பு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம் அல்லது அதற்கு மேல். இந்தியரான நமக்கென்று வைத்த அளவு இது. ரத்த அழுத்தம் 130-க்கு 85 அல்லது மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல். நல்ல கொழுப்பு 50-க்குக் கீழ். மதினிக்கு ஐந்தும் இருந்தன. இப்படியே விட்டால் சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் வருகிற பாதை இது.

இடுப்பை அளக்கும்போது சேலை கட்டுகிற இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டால் டேப்பை ஏமாற்றலாம். ரத்தத்தை ஏமாற்ற முடியாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் முதல் தடவையாக நாடு முழுவதும் இடுப்பை அளந்தார்கள். வயிறு பெருத்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு சுமார் 12 பேர், பெண்களில் நூற்றுக்கு சுமார் 40 பேர். மாதவிலக்கு நிற்கும் வயதில் கொழுப்பு வயிற்றைத் தேடி வருவது ஒரு காரணம். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சர்க்கரை வந்தவர்களும், சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மதினிக்கு ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. “நான் எண்ணெய்ப் பலகாரமே தொடுறதில்லையே, எனக்கு எப்படிக் கொழுப்பு?” என்று மனம் குமுறினாள். நியாயமான கேள்வி. ட்ரைகிளிசரைடு எண்ணெயிலிருந்து மட்டும் வருவதில்லை. வேண்டியதற்கு மேல் போகிற சோற்றையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. மதினி எண்ணெய் தொடுவதில்லை, வாஸ்தவம். ஆனால் ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சீனியுடன் நாளைக்கு நாலு டம்ளர் காப்பி! ஒரு ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால், மாசத்துக்கு 1,200 கிராம் சீனி காப்பி வழியாக மாத்திரம் உள்ளே போகிறது.

டாக்டர் சொல்படி முதலில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனைக்குப் போனார்கள். பெயர் எதற்கு? அங்கே அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, “இதன்படி சாப்பிடுங்கள்” என்று ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். ஓட்ஸ் 40 கிராம், ஆலிவ் எண்ணெய், ப்ராக்கோலி, ஓர் ஆப்பிள். கொல்லையில் முருங்கையும், தெருவில் கீரைக்காரியும், வீதிக்கு வீதி கொய்யாவும் இருக்கிற ஊரில்! மதினி அதைப் பயபக்தியுடன் நாலாக மடித்துப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். பல்லி வராமல் இருக்குமோ என்னவோ.

அந்தத் தாளில் இருந்த பெரிய பிசகு ஆப்பிள் அல்ல. அது ஒரே ஒருத்திக்கு எழுதப்பட்டிருந்தது. நம் வீடுகளில் அப்படி ஒருத்திக்கென்று தனியாக அடுப்பு எரிகிறதா?

பிறகு யாரோ சொல்லி வேறோர் ஆலோசகரிடம் போனபோது நானும் கூடப் போனேன். சின்னமனூர்ப் பக்கத்துப் பெண், சிறு வயசுதான். “என்ன சாப்பிடுவீங்க?” என்று அவள் ஆரம்பிக்கவில்லை. “கடைக்கு யார் போறது? உலைக்கு அரிசி யார் அளக்கிறது? நீங்க யார் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவீங்க?” என்று கேட்டாள். மதினி, “எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான்” என்றாள். “மிச்சம் இருந்தா?” என்றாள் அந்தப் பெண். மதினி சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் சோற்றுப் பானையை வழித்துத் துடைக்கும் வழக்கம் கிடையாது. நேரங்கெட்ட நேரத்தில் விருந்தாளி வந்தால்? லட்சுமி கோபித்துக்கொண்டால்? ஆகவே உலையில் எப்போதும் ஓர் ஆழாக்கு அதிகம் விழும். விருந்தாளி வருவது மாசத்துக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் அந்தச் சோறு வீணாகிறதே என்று ராத்திரி கொஞ்சமும் காலையில் பழையதாகக் கொஞ்சமும் சாப்பிடுவது மதினி. பையன் தட்டில் மிச்சம் வைக்கும் இட்லியும் அவளுக்கே. ஓர் ஆழாக்கு அரிசி ஏறக்குறைய 150 கிராம். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 25 கிலோ மூட்டை இரண்டு! கல்யாணமாகி 24 வருஷமாக என் மதினி வராத விருந்தாளியின் பங்கைச் சாப்பிட்டு வந்திருக்கிறாள்.

“அடுத்த தடவை சாரையும் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குத்தான் நான் சொல்லணும்” என்று அந்தப் பெண் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிக்கிற அண்ணன் எப்படியோ வந்தார். அம்மா, மருமகளுக்கு வைத்தியம் பார்க்க மாமியாரைக் கூப்பிடும் அதிசயத்தைப் பார்க்கவே வந்தாள்.

கிராம் கணக்கு ஒன்றுமே அங்கே வரவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன கரண்டியையும் தட்டையும் வைத்தே பேசினாள். “எங்க ஊர்ல சோறுக்கு வெஞ்சனம்னு சொல்லுவோம். இனிமே வெஞ்சனத்துக்குச் சோறு” என்றாள். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்போ பயறோ முட்டையோ மீனோ. மீதிக் காலில் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குக் கடைசியில் வர வேண்டும். அப்படிச் செய்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். உலைக்கு ஓர் ஆழாக்கு குறைவு. விருந்தாளி வந்தால் பத்து நிமிஷத்தில் ரவை கிண்டலாம் என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னாள்.

அண்ணன் இங்கே ஒரு யோசனை வெளியிட்டார்: “அரிசியை நிறுத்திட்டுக் கேப்பைக் களி கிண்டிரலாமே!” இந்த யோசனை உங்கள் வீட்டிலும் கிளம்பும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எங்கள் பாட்டி காலத்தில் நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்பார்கள். 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை முடிந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிற்பாடு கம்பம் பள்ளத்தாக்கில் நெல் செழித்தது. பழைய கேப்பையும் சாமையும் நல்ல தானியங்கள்தான். ஆனால் சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வு ஒன்று 2025-இல் வெளிவந்தது. நம் ஆகாரத்தின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், மாவின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, கேப்பை என்று ஆளை மாற்றுவதால் மட்டும் சர்க்கரை வியாதியின் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது சொல்கிறது. மாவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் வகையைச் சேர்த்தால் பலன். பாட்டி களி உருண்டையை முழுங்கிவிட்டுக் களத்துமேட்டுக்குப் போனாள். நாம் அதை முழுங்கிவிட்டு டெலிவிஷன் முன்னால் உட்காருகிறோம்.

ஒருபொழுது விரதத்தையும் அந்தப் பெண் விடவில்லை. சோற்றை விட்டுவிட்டு ராத்திரி ஆறு இட்லியும் கேசரியும் சாப்பிடுவது எந்தச் சாமிக்கு என்று கேட்டாள். அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். “நானும் அதான் கேட்டேன்” என்றுவிட்டாள் அம்மா!

மாம்பழத்தை விலக்கவில்லை. பெரியகுளத்தில் அதை விலக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? 100 கிராம் சதையில் சுமார் 15 கிராம் மாவும் சர்க்கரையும் இருக்கின்றன. சோற்றுக்கு மேல் தின்றால் அது சோற்றோடு சேரும். பதினோரு மணிக்குத் தனியாக இரண்டு பத்தை தின்று, மத்தியானச் சோற்றில் அதைக் கழித்துவிட வேண்டும். தினமும் அரை மணி நேரம் நடை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்புக் கணக்கு வேறு.

பேச்சினால் வியாதி அடங்குமா என்று கேட்பீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இருக்கிறது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவும் நடையும் பற்றித் திரும்பத் திரும்ப ஆலோசனை பெற்றவர்களில் 39 பேருக்கு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். எனக்கு ஒன்று மட்டும் உறுத்துகிறது: அந்த 531 பேரில் ஆண்கள் 421, பெண்கள் 110. ஆணுக்கு ஆலோசனை சொன்னால் அதைச் சமைத்துப் போட வீட்டில் ஒருத்தி இருப்பாள். பெண்ணுக்குச் சொன்னால்?

ஆவணியில் நான் மறுபடி போனபோது நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மதினி பரிமாறிவிட்டு உட்காரவில்லை. சட்டிகளை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் மாசம் ரகளைதான் என்றாள். அரைச் சோற்றோடு எழுந்த பையன் பரோட்டாக் கடைக்குப் போனானாம். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லையாம். இப்போது இடுப்பு முப்பத்தைந்தரை, ட்ரைகிளிசரைடு 171, சர்க்கரை 104. இன்னும் கோட்டுக்கு மேலேதான். ஆனாலும் மாடிக்குத் துணி உலர்த்த இரண்டு தடவை ஏறி இறங்கினாள், மூச்சு வாங்கவில்லை.

ஐப்பசியில் அடுத்த ஆலோசனை. இந்தத் தடவை அண்ணனும் தம் பெயருக்கு ஒரு சீட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். ஆண்களுக்கு எல்லை 90 சென்டிமீட்டர், முப்பத்தைந்தரை அங்குலம். அவருடையது 39.