கோட்டை விடணும்!

பி.காம். படிக்கிற பையனுக்கு உளியும் கொட்டாப்புளியும் எதுக்குன்னு வகுப்புல ரெண்டு பேர் கேட்டாச்சு. பதில் எங்க மளிகைக் கடை கல்லாப்பெட்டியில இருக்கு.

தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டி அது. அதோட இழுப்பறை ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுபடுதுன்னு ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். ஜிபே வந்த இந்தக் காலத்துலயும் மதியத்துக்குள்ள நூறைத் தாண்டிருச்சு. அந்த இழுப்பறையோட மூலைகள்ல ஒரு ஆணி கூடக் கிடையாது!

எல்லாம் புறாவால் இணைப்பு. பக்கப் பலகையோட முனையில புறா வால் மாதிரி நுனி விரிஞ்ச பற்கள், முன்பலகையில அதுக்கேத்த பள்ளங்கள். பக்கவாட்டுலேர்ந்து தட்டினா உள்ளே போகும். முன்பலகையைப் பிடிச்சு இழுத்தா வராது, ஏன்னா வாலோட அகலமான பக்கம் மாட்டிக்கும். அதனாலதான் வால்கள் எப்பவும் பக்கப் பலகையில. மாத்தி வெட்டினா, இழுக்கிற ஒவ்வொரு தடவையும் பசை மட்டுமே தாங்கணும். பலகையோட வெட்டுமுகத்துல பசையும் சரியா ஒட்டாது, ஆணியும் அவ்வளவா பிடிக்காது.

வாலோட சரிவுக்கும் கணக்கு உண்டு. தேக்கு மாதிரி மரத்துக்கு எட்டுக்கு ஒண்ணு, மெது மரத்துக்கு ஆறுக்கு ஒண்ணு. சரிவு கூடிப் போனா வாலோட ஓரம் பிய்ஞ்சிடும், குறைஞ்சா பிடிமானம் போயிடும்.

எனக்குச் சொல்லித் தர்றது அடுத்த தெரு ஆசாரித் தாத்தா. பென்சிலைத் தொடவே விடமாட்டார், கத்தி முனையாலதான் கோடு கீறணும். வால்களை வெட்டின பிறகு அந்தப் பலகையையே அடுத்ததுமேல வெச்சுக் கோடு எடுக்கணும், ஸ்கேல் கிடையாது. (பற்றுக்கு நேரா வரவு. டேலி ஆகலைன்னா அப்பட்டமா இடைவெளி தெரியும், சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ள முடியாது :-)) ரம்பத்தைக் கழிவுப் பக்கத்துலயே ஓட்டணும். உளியால பாதி ஆழம் இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். ஒரே பக்கமா இறக்கினா மறுபக்கம் பிய்ச்சுக்கிட்டு வரும்.

"கோட்டைத் தின்னாதே தம்பி. கோட்டை விட்டுட்டு அறு."

இத்தனை வருஷமா எல்லாரும் எனக்குச் சொன்னது கோட்டை விட்டுடாதேன்னு!

அடுத்த மாசம் கடைக்குப் புது கவுண்ட்டர் வருது. இழுப்பறைக்கு அப்பா பிளைவுட் சொல்லப் போனார், நான் ரெண்டு வாரம் டைம் கேட்டிருக்கேன். காஸ்டிங் பாடத்தின்படி அப்பா சொல்றதுதான் சரி. ஒரு மூலைக்கு எனக்கு ரெண்டரை மணி நேரம் ஆகுது. ஆசாரித் தாத்தாவுக்கு முக்கால் மணி நேரம்தான், ஆனா அந்த முக்கால் மணிக்குக் கூலி தர யாரும் தயாரா இல்லை. அவர் பட்டறையில இப்போ பெரும்பாலும் கதவு ரிப்பேர்தான். காஸ்டிங் பாடத்துல தேய்மானம்னு ஒரு தலைப்பும் இருக்கு, அதை அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. பழைய கல்லாவை நாற்பது வருஷத்தால வகுத்துக் காட்டலாம்னு இருக்கேன். "அப்போ முதல்ல நீ முடிச்சுக் காட்டு"ம்பார்.

மூணு மூலை முடிஞ்சிருச்சு. பசை இல்லாமலே தூக்கினா கழண்டு வரலை. நாலாவது ஞாயித்துக்கிழமை.