ஓரியின் மலையிலிருந்து ஓர் இரும்புக் குதிரை

கொல்லிமலைக்கு ஏறிச் சென்ற கதையை எழுதாத பிரயாணி கிடையாது. காரவள்ளி அடிவாரத்துக்கு மேலே செல்லும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியும், அறப்பளீசுவரர் கோயிலைப் பற்றியும், ஆகாய கங்கை அருவியைப் பற்றியும் வாசகர்கள் பலமுறை படித்திருப்பார்கள். மலையிலிருந்து இறங்கிய கதையை மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. அதிலும், தானாக இறங்கச் சக்தியில்லாத ஒரு கனத்த வஸ்துவை இன்னொரு வண்டியில் ஏற்றி, சரியாமலும் உருளாமலும் சமவெளிக்குக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்னும் வித்தை, அந்த மலைப் பாதையில் பலாவும் வாழையும் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்குத்தான் தெரியும். அவர்களோ பேனா பிடிக்கிறவர்கள் அல்லர். ஆகையால் அந்த வேலை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தலையில் விழுந்திருக்கிறது.

நான் சொல்லும் வஸ்து ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள். என் சக ஆசிரியர் ஒருவருடைய தகப்பனாருக்குச் சொந்தமானது. அவரும் உபாத்தியாயர். செம்மேட்டுக்கு அருகே பல வருஷங்கள் பணியாற்றிய காலத்தில் அந்த வண்டியில்தான் மலை ஏறினார், அதில்தான் இறங்கினார். அவர் காலமானபின் ஆறு வருஷமாக அது வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்தி நின்றது. மலைமேல் தனியாக இருந்த தாயாரை நாமக்கல்லுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று நண்பர் எவ்வளவோ மன்றாடினார். அம்மாள் கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"அப்பா வண்டி ஒரு கீறல் இல்லாமல் முதலில் இறங்கட்டும். அப்புறம் நான் வருகிறேன்."

வண்டி மலைப்பாதையில் கவிழ்ந்தால் நஷ்டம் வண்டியோடு போகாது என்பது நண்பருக்கும் எனக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயம். சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனை எதிர்த்த காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர். சிறுபாணாற்றுப்படையில் இந்தச் சங்கதி இருக்கிறது. அக்காலத்து வீரர்கள் தமக்கும் தம் வாகனத்துக்கும் வேற்றுமை பாராட்டவில்லை போலும்! அம்மாளும் அந்தப் புல்லட்டை "அவர்" என்று சொல்லாமல் "அது" என்று சொன்னதே பெரிது.

திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் பழைய வண்டிகளில் அது ஒன்று. இரும்பு வார்ப்பு எஞ்சின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இக்காலத்துப் பிள்ளைகள் ஏறினால் கால் தடுமாறும். எடை 160 கிலோவுக்கு மேல். இப்போது வரும் 350 சி.சி. புல்லட்டுகள் இன்னும் கனம். 190 கிலோவைத் தாண்டிவிடுகின்றன.

நாமக்கல்லிலிருந்து ஒரு பிக்கப் வண்டியை அமர்த்திக் கொண்டு போனோம். ஓட்டுநர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். புல்லட்டைப் பார்த்தவுடனே அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் ஒரே தூக்கு!" என்றார் ஒரு பெரியவர். ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாங்க ஐயா. நாலு பேரில் ஒருத்தர் கை வழுக்கினால் மற்ற மூணு பேர் இடுப்பு போயிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கனத்த வண்டியில் கை வைத்துத் தூக்க வாகான இடம் மிகக் குறைவு. அவசரத்தில் சங்கிலியையோ சக்கரத்துக் கம்பியையோ பிடித்துவிடுவார்கள். அப்போது சக்கரம் ஓர் அங்குலம் சுழன்றாலும் விரல் நசுங்கிப் போகும்.

அவர் செய்தது வேறு. முதலில் இரண்டு டயர்களுக்கும் காற்று அடித்தார். டாங்கியில் மிச்சமிருந்த பெட்ரோலை வடித்தார். பிறகு பத்து நிமிஷம் தெருவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். வாடகை வண்டிக்காரர் வீண்பொழுது போக்குகிறாரே என்று நண்பர் முணுமுணுத்தார். அவர் தேடியது ஒரு மேடு. காப்பி உலர்த்தும் களம் ஒன்று பாதையைவிட ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. பிக்கப்பைப் பின்னோக்கி அதன் ஓரத்தில் கொண்டு நிறுத்தினார்.

சாய்தளம் என்ற பாடத்தை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் நடத்துகிறேன். பிக்கப்பின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி என்று வைத்துக்கொள்வோம். பத்தடிப் பலகையைச் சாய்த்தால், எடையில் நாலில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ விசை கொடுத்துத் தள்ள வேண்டும். களத்து மேட்டிலிருந்து ஏற்றினால் மிச்சமிருக்கும் உயரம் ஓரடிதான். அதே பலகையில் 16 கிலோ விசை போதும்; உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாறு ஆட்கள் செய்ய வந்த வேலையை அந்த மேடு செய்துவிட்டது.

பலகையின் நுனியை அவர் பின்கதவின்மேல் வைக்கவில்லை. உள்ளே தளத்தின் விளிம்பில் வைத்து, நழுவாமல் கயிற்றால் கட்டினார். கதவின் கீல் 160 கிலோவைத் தாங்குவதற்காக ஏற்பட்டதல்ல. பக்கத்தில் இன்னொரு பலகையும் போட்டார். அது மனிதனுக்கு. வண்டி மட்டும் மேலே ஏற, தள்ளுகிறவன் தரையிலேயே நின்றால், பாதியில் கைப்பிடி அவன் தோளுக்கு மேலே போய்விடும். அப்புறம் பிடிமானம் ஏது?

நண்பர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். வண்டி முதல் கியரில் இருந்தது. கிளச்சை அழுத்தியபடியே ஏற்றினார். ஏற்றத்தில் பாரம் பின்சக்கரத்துக்கு அதிகமாக வந்துவிடுகிறது. நடுவில் நிற்க நேர்ந்து முன்பிரேக்கை மட்டும் நம்பினால், முன்சக்கரம் பூட்டியபடியே பலகையில் வழுக்கிப் பின்னோக்கி வரும். கிளச்சை விட்டுவிட்டால் எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் இதை இரண்டே வார்த்தையில் சொன்னார்: "பயந்தா, விடுங்க." நண்பர் ஒருமுறை பயந்தார், விட்டார், வண்டி அசையாமல் நின்றது.

மேலே ஏற்றியபின் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தலாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. ஸ்டாண்டில் நிற்கும் வண்டி குலுக்கலில் அதை முறித்துக்கொண்டு சாயும் என்றார். முன்சக்கரம் முன்சுவரில் முட்டும்படி, இடையே மடித்த சாக்கு ஒன்றைக் கொடுத்து, இரண்டு சக்கரங்களிலும் நேராக நிறுத்தினார். பிறகு நான்கு கயிறுகள். முன்னிரண்டும் கைப்பிடிக்குக் கீழே, ஸ்பிரிங் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்பிலிருந்து முன்மூலைகளுக்கு. பின்னிரண்டும் சட்டத்திலிருந்து பின்மூலைகளுக்கு. கயிற்றில் ஒரு கண் போட்டு, நுனியைக் கொக்கியில் மாட்டித் திரும்ப அந்தக் கண் வழியே இழுத்தார். ஒரு மனிதனின் பலம் அந்த முடிச்சில் பெருகுகிறது. முன் ஸ்பிரிங் பாதி அமுங்கியதும் நிறுத்திவிட்டார். முழுதும் அமுக்கினால் எண்ணெய் கசியுமாம். அமுக்காவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி துள்ளிக் கயிறு தளருமாம். லாரிகளுக்குக் கூடு கட்டிப் பெயரெடுத்த நாமக்கல் சீமையில், இந்த அறிவு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

கயிறு உரசும் இடங்களுக்குத் துணி வேண்டியிருந்தது. அம்மாள் உள்ளே போய்த் தம் பழைய நூல் புடவை ஒன்றைக் கொண்டு வந்து, தாமே கிழித்துக் கொடுத்தார். பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி மிச்சத் துணியில் சுற்றி என்னிடம் தந்து, "இது உங்கள் பொறுப்பு தம்பி" என்றார்.

நண்பர் பின்னால் ஏறி வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஓட்டுநர் கண்டிப்பாக மறுத்தார். "கயிறு பிடிக்காததைக் கை பிடிக்காது சார். அது சாய்ந்தால் உங்க மேலேதான் சாயும்."

ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கினோம். முதல் பத்து வளைவுகள் கழிந்ததும் அவர் ஓரங்கட்டினார். வலது முன்கயிறு இரண்டு விரல் தளர்ந்திருந்தது. நைலான் கயிறு புதிதாய்ப் பாரம் விழுந்தால் நீளும். வளைவுக்கு வளைவு வண்டி தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். இறுக்கிவிட்டுப் புறப்பட்டோம். மேலும் சில வளைவுகள் தாண்டியிருப்போம்; மேலேறி வந்த பஸ் ஒன்று வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திடீரென்று எதிரே தோன்றியது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே வழி. எங்கள் பிக்கப் சடக்கென்று நின்றது. பின்கண்ணாடி வழியே பார்த்தேன். புல்லட் தலையை ஒருமுறை குனிந்து நிமிர்த்தியது, அவ்வளவுதான். தளர்ந்த கயிற்றோடு அங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நண்பர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காரவள்ளிக்குள் இன்னும் இரண்டு முறை நிறுத்திக் கயிற்றைப் பார்த்தார்.

நாமக்கல்லில் நண்பர் வீட்டருகே மேடு எதுவும் இல்லை. பத்தடிப் பலகையில், பின்சக்கரம் முன்னே வர, முதல் கியரில் கிளச்சைச் சிறிது சிறிதாக விட்டு இறக்கினார்கள். நண்பர் நாலு பக்கமும் கைபேசியில் படம் பிடித்துத் தாயாருக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷம் கழித்து அம்மாளே கூப்பிட்டார்.

"எல்லாம் சரி. கண்ணாடி எங்கே?"

அது புடவைத் துணிக்குள் என் மடியில் இருந்தது. அதையும் மாட்டி, மறுபடியும் ஒரு படம் அனுப்பினோம். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அம்மாள் வந்து இறங்கினார்.