அன்னம்மாள் திருவிழா பெரி

1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு அக்கரை போகப் பெரிப் படகை விட்டால் வழியில்லை. ஜூலை 26, புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. அன்று மாலைப் பெரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மெழுகுவத்திக் கட்டுகள். மார்க்கெட் ஸ்திரீட்டில் வாங்கிய மல்லிகையும் டீசல் புகையும் கலந்த அந்த வாசனை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. பாட்டி மேல்தட்டில் ஓரமாக உட்கார்ந்து செபமாலை உருட்டுவாள். பட்டர்வொர்த் வருவதற்குள் ஐம்பத்து மூன்று மணியும் உருண்டாக வேண்டும். முடியவில்லையென்றால் இறங்கமாட்டாள், நாங்கள்தான் கையைப் பிடித்து இழுப்போம்.

அன்னம்மாள் இயேசுவுக்குப் பாட்டி. பைபிளில் அவள் பெயர் கிடையாது. திருச்சபை தன் வேதநூல்களில் சேர்க்காமல் விட்ட ஒரு பழைய ஏட்டின் வழியாகத்தான் வந்திருக்கிறது. இதை நான் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னபோது பாட்டி அசரவில்லை.

"பேரன் பிரசங்கத்தையும் கேட்டிருக்க மாட்டா, சிலுவையில தொங்கினதையும் பாத்திருக்க மாட்டா. புள்ளைய வளத்துக் குடுத்துட்டுப் போய்ட்டா. அதுதான்டா அவ வேலை."

புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் முதலில் கும்பிட்டவர்களில் பலர் தமிழர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நிலம் திருத்திப் பயிரிட்ட ஹக்கா சீனர்கள். 1888இல் எழுந்த கோயில் இன்றும் நிற்கிறது. மலாயா அவசரகாலத்தில் அந்தப் பக்கம் போகத் தடை வந்து, கோயில் வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தது. செபம் செய்தவர்களும் போய், செபமும் ஓய்ந்து, எல்லாம் முடிந்தது என்று அப்போது யாராவது எழுதியிருந்தால் அது நியாயமாகத்தான் இருந்திருக்கும். 2019இல் அந்தத் திருத்தலம் பசிலிக்கா ஆனது. அந்த ஹக்கா விவசாயிகள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கும்பிட்டிருப்பார்கள். தமிழில் பாடிக்கொண்டு வரும் கூட்டத்தை அவர்கள் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டார்கள்.

தேவ சித்தம் என்று எடுத்ததற்கெல்லாம் சொல்லிவிடுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இழவு வீட்டில் அந்த வார்த்தை காப்பிக்கு முன்னால் வந்துவிடும். பாட்டியின் தம்பியை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. மண்ணில்லை, கல்லில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைக்குப் போவோம். தாத்தாவின் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மந்திரித்ததும், பாட்டி ஒரு மெழுகுவத்தியைத் தனியாக எடுத்துக்கொண்டு, பெயர் அழிந்துபோன ஏதாவதொரு கல்லின்மேல் ஏற்றி வைப்பாள். ஒவ்வொரு வருடமும் வேறு கல். தம்பி விஷயத்தில் ஆண்டவர் சித்தம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆண்டவரோடு அவளுக்கு அதில் ஒரு வழக்கு கடைசிவரை இருந்தது. ஆனாலும் செபமாலையை விடவில்லை. எனக்குப் பிடிபடாத விசுவாசம் அது.

கண் மங்கிய காலத்தில் செபத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்காக. பேர் இல்லாதவர்களுக்கு எப்படி வேண்டிக்கொள்வது என்று அத்தை சிரித்தாள். "பேரு வைக்கிறது உங்க பாடு," என்றாள் பாட்டி. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, தாத்தாவுக்குப் பக்கத்தில் அவளையும் வைத்தோம்.

மேல்தட்டும் கீழ்த்தட்டுமாக இருந்த அந்தப் பழைய பெரிகளும் 2021இல் ஓய்ந்தன. இப்போது பாலத்தில் கார். என் பேத்திக்கு வயது நாலு. போன திருவிழாச் சுற்றுப்பிரகாரத்தில் அருள்நிறை மரியே தமிழில் முடிந்து மாண்டரினில் தொடங்கியபோது, என் தோளிலிருந்து இறங்கமாட்டேன் என்று உதைத்து அழுதாள். பின்னால் வந்த சீனக் கிழவி ஒருத்தி செபத்தை நிறுத்தாமலே பைக்குள் துழாவி அவள் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள்.