குதிரை இல்லாத ஊரில் குதிரை போகும் பாதை

நெல் அறுத்து, அந்த ஈரத்துல விதைச்ச உளுந்தும் எடுத்தாச்சு. இந்த வெயிலுக்கு மத்தியானம் வயக்காட்டுல ஒரு வேலையும் ஓடாது. வேப்பமரத்தடியில கட்டிலைப் போட்டு இதை எழுதுறேன்.

எங்க ஊர் சிவகங்கைப் பக்கம், கண்மாயை நம்பி இருக்கிற சின்ன ஊர். ஊர்ல குதிரை கிடையாது. எனக்கு 56 வயசு ஆகுது, உயிருள்ள குதிரை ஒண்ணு எங்க ஊருக்குள்ள நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை. ஆனா ராத்திரியில எங்க ஊரைக் காவல் காக்கிறது குதிரைதான்னு இங்க எல்லாரும் நம்புறோம். கண்மாய்க் கரைக்குக் கீழ, அய்யனார் கோயில் வாசல்ல நாற்பது ஐம்பது மண்குதிரைகள் வரிசையா நிக்குது. சிலதுக்குத் தலை இல்லை, சிலதுக்குக் கால் இல்லை. அதுல ஏறித்தான் அய்யனார் ராத்திரி ஊர் எல்லையைச் சுத்தி வர்றார்னு எங்க அப்பத்தா சொல்லும்.

இதை இப்ப எழுதக் காரணம் என் அக்கா மகள். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. போன மாசம் ரெண்டு நாள் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்திருக்கு. கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, பக்கத்துல ஒருத்தர் விடாம மேளம் அடிப்பாராம். மனசுக்குள்ள ஒரு குகை வழியா கீழ இறங்கிப் போனா, அங்க ஒரு விலங்கு எதிர்ல வருமாம். அதுதான் நமக்கு வழிகாட்டுற விலங்காம். அதுக்கு வந்தது ஆந்தை. "மாமா, உங்க ஊர்லயும் இதெல்லாம் உண்டுல்ல? நீங்க எப்படிச் செய்வீங்க?"ன்னு போன்ல கேட்டுச்சு. பக்கத்துல இருந்த எங்க அம்மா ஆந்தைன்னு காதுல விழுந்ததும், "ராத்திரி நேரத்துல அதைப் பத்தி என்ன பேச்சு, போனை வை"ன்னு சத்தம் போட்டுச்சு.

அந்தப் பயிற்சி எங்கேருந்து வந்ததுன்னு அப்புறம் அதுவே விசாரிச்சு எனக்குச் சொன்னுச்சு. மைக்கேல் ஹார்னர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், தென் அமெரிக்கக் காட்டு மக்களோட இருந்து படிச்சவர், 1980ல ஒரு புத்தகம் எழுதினார். நகரத்து ஆட்களும் செய்யிற மாதிரி இந்த முறையைச் சுருக்கிக் கொடுத்தது அவர்தானாம். ஷாமன்ங்கிற சொல்லு மட்டும் சைபீரியாவுலேருந்து வந்தது. அங்க சில இனத்து சாமியாடிகள் தங்களோட மேளத்தையே குதிரைன்னு சொல்வாங்களாம். சிலர் பனிமான்னு சொல்வாங்களாம். மேளம் அடிக்கிறதுதான் அதுல ஏறிப் போற பயணம். புது மேளம் கட்டினா, அந்தத் தோலுக்குச் சொந்தமான மிருகத்துக்கு உயிர் குடுக்க ஒரு சடங்கும் உண்டாம்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம் வந்துருச்சு. பனி கொட்டுற சைபீரியாவுக்கும் எங்க கருவேலங்காட்டுக்கும் எவ்வளவு தூரம்! ரெண்டு இடத்துலயும் சாமியாடிக்கு ஒரு குதிரை வேண்டியிருக்கு, அதுக்கு உயிர் குடுக்க ஒரு சடங்கும் வேண்டியிருக்கு.

பெரியப்பா எங்க ஊர் அய்யனாருக்கு முப்பது வருஷத்துக்கு மேல சாமி ஆடினவர். மத்த நாள்ல ரெண்டு மாடு, முக்கால் ஏக்கர் வயல், கொஞ்சம் மூக்குப்பொடி, அவ்வளவுதான். அவருக்கும் குதிரைக்கும் எப்படி உறவு உண்டாச்சுங்கிறதைத்தான் அக்கா மகளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

எங்க பக்கம் புரவி எடுப்புன்னு திருவிழா உண்டு. புரவின்னா குதிரை. முதல்ல சாமிகிட்ட உத்தரவு கேக்கணும். கோயில்ல எல்லாரும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்போம், பல்லி சொல்லணும். சொல்லலைன்னா எழுந்து வந்துருவோம், இன்னொரு நாள் போய் உக்காருவோம். உத்தரவு கிடைச்சா ஊர்ப் பெரியவங்க ஒரு பிடி மண் எடுத்து, வெத்தலை பாக்கு காணிக்கையோட வேளார் கையில குடுப்பாங்க. அதுக்குப் பேரு பிடிமண். வேளார் கண்மாய் மண்ணை எடுத்து மணலும் உமியும் கலந்து மிதிச்சு, காலைத் தனியா உருட்டி நிறுத்தி, மேல மேல உடம்பை வளைச்சுக் கட்டுவார். அவசரப்பட்டா வெடிச்சுரும். நிழல்ல காயவிட்டு, சூளை போட்டு, சுண்ணாம்பு அடிச்சு வண்ணம் தீட்டணும். கடைசியாத்தான் கண் திறப்பு. அதுவரைக்கும் அது வெறும் மண்பாண்டம். கண் திறந்துட்டா சாமி வாகனம்.

பிடிமண் குடுத்த நாள்லேருந்து பெரியப்பா விரதம். கவுச்சி கிடையாது, கட்டில் கிடையாது, யார் வீட்டுலயும் கை நனைக்க மாட்டார். புரவி எடுக்கிற அன்னைக்கு சூளைப் பொட்டல்லேருந்து கோயில் வரைக்கும் குதிரைகளை மரச்சட்டத்துல கட்டித் தோள்ல தூக்கிப் போவோம். காலுக்குச் செருப்பு கிடையாது. முன்னால பெரியப்பா அருள் வந்து ஆடிப் போவார். அவர் காலைத் தூக்கி வைக்கிற அந்த நடை மனுசன் நடை மாதிரி இருக்காது. சின்ன வயசுல பயந்து அப்பத்தா முந்தானைக்குள்ள ஒளிஞ்சிருக்கேன்.

டவுன்ல இருந்து வர்றவங்க பார்க்கிறது இந்த ஒரு நாளைத்தான். நான் சொல்ல வந்தது மத்த நாளைப் பத்தி.

திருவிழா முடிஞ்சாலும் பெரியப்பாவுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி, மழைக்காலம்னா தினமும், சாப்பிட்டுட்டு டார்ச் லைட்டும் கம்பும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவார். கோயில்ல ஆரம்பிச்சு, கண்மாய்க் கரை மேல ஏறி, தெற்கு மடை, வடக்கு மடை, கலுங்கு, அங்கேருந்து சுடுகாட்டுப் பாதை வழியா எல்லைக்கல் வரைக்கும் போய்த் திரும்புவார். குதிரை போற பாதைன்னு எங்க ஊர்ல சொல்றது இதைத்தான். ஒரு தடவை கூடப் போனப்ப கேட்டேன், "ஏன் பெரியப்பா, குளம்புச் சத்தம் எப்பவாவது உங்களுக்குக் கேட்டிருக்கா?" அவர் பொடியை உறிஞ்சிட்டுச் சொன்னார்: "கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. நடந்தியா இல்லையா, அதைச் சொல்லு."

நடுவுல எங்க ஊர்ல ஒரு கெட்ட காலம் வந்துச்சு. பிடிமண் குடுத்து, வேளார் நாலு குதிரையும் செஞ்சு சூளை பிரிச்ச பிறகு, முதல் மரியாதை யாருக்கு, தூக்கயில முதல் தோள் எந்த வகையறாங்கிறதுல தகராறு வந்துருச்சு. அதிகாரிங்க ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தாங்க. உடன்பாடு வரலை, திருவிழா நின்னுபோச்சு. அஞ்சு வருஷம் நாலு குதிரையும் கண் திறக்காம வேளார் வீட்டுக் கொட்டகையில நின்னுச்சு. வருஷா வருஷம் அவர் கைக்காசுல கூரை மாத்தினார். ஒரே தெருவுல இருந்த ரெண்டு வகையறாவும் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போய் வரலை. ஒரு சாவு வீட்டுல தேர் கட்ட ஆள் பத்தாம பக்கத்து ஊர்லேருந்து கூட்டி வந்த கொடுமையும் நடந்துச்சு.

அந்த அஞ்சு வருஷமும் பெரியப்பா நடக்கிறதை நிறுத்தலை. "திருவிழாவே இல்லை, இவர் யாருக்காக நடக்கிறாரு"ன்னு சிரிச்சவங்க உண்டு. கண்மாய்க்கு முன்னாடியெல்லாம் நீர்ப்பாய்ச்சின்னு ஒரு ஆள் இருப்பார். மடை திறக்க, கரை பார்க்க அவர் பொறுப்பு, அறுப்புல அவருக்கு நெல்லு உண்டு. அந்த வேலைக்கு ஆள் இல்லாமப் போய் ரொம்ப நாளாச்சு. ராத்திரியில கரையில நடந்த ஒரே ஆள் பெரியப்பாதான்.

மூணாம் வருஷம் ஐப்பசியில நல்ல மழை. கண்மாய் நிறைஞ்சு கலுங்கு ஓடுது. ஒரு ராத்திரி வடக்கு மடைக்குப் பக்கத்துல, கரைக்கு வெளிப்புறம் தண்ணி கசியிறதைப் பெரியப்பா பார்த்திருக்கார். கரையில கசிவு எப்பவும் கொஞ்சம் இருக்கும். தெளிஞ்ச தண்ணியா வந்தா அவ்வளவு பயமில்லை. கலங்கலா வந்தா உள்ள மண்ணை அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். நண்டு வளையோ எலி வளையோ ஒண்ணு போதும், விடியிறதுக்குள்ள கரை போயிரும். அன்னைக்கு வந்தது கலங்கல். பெரியப்பா ரெண்டு வகையறாத் தெருவுலயும் ஓடிக் கதவைத் தட்டினார். வைக்கோல் பிரி, கருவேலந்தழை, உரச்சாக்குல மண்ணு, கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடினோம். இடுப்பளவு தண்ணியில இறங்கி உள்பக்கம் அடைச்சு, வெளிப்பக்கம் மூட்டை அடுக்கி முடிக்க விடியக்காலம் நாலு மணி ஆயிருச்சு. கரைக்குக் கீழ எல்லாருக்கும் வயல் இருந்துச்சு, அதுல என்னுதும் ஒண்ணு.

மறுநாளே எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்கன்னு எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கலை. இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா அடுத்து நடந்த பேச்சுவார்த்தையில, எதிர் வகையறாப் பெரியவர் ஒருத்தர், "கரையில மூட்டை தூக்கயில யார் முதல்ல தூக்குனான்னு நாம பார்க்கலையேப்பா"ன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. கடைசியில அய்யனார் முன்னால திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்துக்கலாம், வருஷா வருஷம் சீட்டுதான்னு முடிவாச்சு. அந்த வைகாசியில நாலு குதிரைக்கும் கண் திறந்தாங்க. வேளார் கண் எழுதயில கை நடுங்கினதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

இந்தக் கதையை எல்லாம் கேட்டுட்டு அக்கா மகள், "அப்ப குதிரைதான் தாத்தாவுக்குக் கசிவைக் காட்டிக் குடுத்துச்சுன்னு சொல்றீங்களா மாமா?"ன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். குதிரைக்காக அவர் நடந்தார். நடந்ததால பார்த்தார். குதிரை இல்லைன்னா அந்த வயசுல ராத்திரி பத்து மணிக்கு மழையில அவரைக் கரைக்கு அனுப்ப யாரால முடியும்? வழிகாட்டுறதுன்னா எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். காதுல வந்து ரகசியம் சொல்றதை நான் பார்த்ததில்லை. அது போற வழியில நம்மளையும் தினம் நடக்க வைக்குது.

அதனால ஆந்தையை விட்டுராதேன்னுதான் சொன்னேன். எங்க அம்மா ஆயிரம் சொல்லட்டும், நெல்லு போடுறவனுக்கு ஆந்தை சொந்தக்காரன். வயல்ல டி வடிவத்துல குச்சி நட்டு வச்சா ராத்திரி வந்து உக்காந்து எலி பிடிக்கும். வேளாண்மைத் துறையிலயும் இதைச் சொல்லித் தர்றாங்க. எலி மருந்து வச்சா, அதைத் தின்ன எலியைத் தின்னு ஆந்தையும் சாகும். "உனக்கு ஆந்தை வந்திருக்குன்னா, அது உனக்கு என்ன சொல்லும்னு அப்புறம் பார்ப்போம். முதல்ல நீ அதுக்கு என்ன செய்யப் போறே?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அடுத்த வாரம் போன் பண்ணி, அவங்க அடுக்குமாடியில எலி மருந்து வைக்கிறதை நிறுத்திப் பொறி வைக்கச் சொல்லிச் சங்கத்துல சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னுச்சு. ஜெயிக்குமான்னு தெரியலை. ஆனா அது போட்ட மேளத்தைவிட இந்தச் சண்டை ஆந்தைக்குக் கேக்கும்னு நினைக்கிறேன்.

பெரியப்பா இறந்து நாலு வருஷம் ஆச்சு. அவருக்குப் பிறகு யார் மேலயும் சாமி இறங்கலை. அவர் மகன் லாரி ஓட்டுறார். விரதம் பிடிச்சு உக்காந்து பார்த்தார், அருள் வரலை. ஊர் காத்துக்கிட்டு இருக்கு. இதுக்கு விளம்பரம் குடுத்து ஆள் எடுக்க முடியாதுல்ல. நடக்கிற வேலையை மட்டும் நானும் இன்னும் ரெண்டு பேரும் மழைக்காலத்துல முறை வச்சுப் பார்த்துக்கிறோம். எனக்கு அருள் எதுவும் வந்ததில்லை. வடக்கு மடைகிட்ட போனா மட்டும் தன்னால குனிஞ்சு தண்ணி தெளிவா இருக்கான்னு பார்ப்பேன்.

இந்த வருஷம் பல்லி உத்தரவு குடுத்துருச்சு. பிடிமண் போயாச்சு. வேளாரோட மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். ஒரு மாசம் லீவு போட்டு வந்து மண்ணு மிதிச்சுக்கிட்டு இருக்கார். பழைய குதிரைகள்ல ஒண்ணு போன மழையில இடுப்போட உக்காந்துருச்சு, வயித்துக்குள்ள ஒரு வேப்பங்கன்னு முளைச்சிருக்கு. அதை யாரும் அப்புறப்படுத்த மாட்டோம், அது மண்ணாப் போறது அதோட கணக்கு.

வைகாசியில வர நினைக்கிறவங்க தாராளமா வாங்க, எங்க வீட்டுல சாப்பாடு உண்டு. செருப்பைக் கோயில் எல்லைக்கு முன்னாலயே கழட்டிருங்க. குதிரை மேல சாஞ்சுக்கிட்டு போட்டோ மட்டும் எடுக்காதீங்க.